இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

எங்கள் ஊர் அய்யனார் கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்த அன்று, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்துக் கட்டியவன் நான். சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று ஊர் நம்பியது. அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஒரு காட்டை அழித்தேன். ஒரு குடும்பத்தின் பரம்பரை உரிமையைப் பறித்தேன். ஒரு தெருவே கேட்ட நியாயத்தைத் தட்டிவிட்டேன். பல வருடங்கள் இதை யாரிடமும் சொல்லவில்லை. சென்ற ஆடியில் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். இப்போது எழுத்திலும் சொல்கிறேன். வெளிநாட்டில் சம்பாதித்து, சொந்த ஊர்க் கோயிலுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊர். மழையையும் கம்மாயையும் நம்பிய விவசாயம். அங்கே சாமி கும்பிடுவதற்கென்று தனியாக ஒரு நேரம் கிடையாது. விடியும் முன் வாசலில் சாணி தெளிப்பதில் தொடங்கி, ராத்திரி அடுப்பை அணைப்பது வரை ஒவ்வொன்றிலும் அது கலந்திருந்தது. விளக்கு வைத்த பிறகு எங்கள் அப்பத்தா யாருக்கும் உப்பு, தயிர், பணம் எதுவும் கொடுக்க மாட்டார். சித்திரை பிறந்ததும் நல்லேர் பூட்டாமல் யாரும் உழவைத் தொடங்க மாட்டார்கள். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ண மாட்டார்கள். 'லாபம்' என்று சொல்லித்தான் கொட்டுவார்கள். பொலியின் தலைமாட்டில் சாணிப் பிள்ளையார் இருப்பார். சாமிக்கும், மண்பாண்டம் செய்யும் வேளாருக்கும், துணி வெளுப்பவருக்கும், முடி வெட்டுபவருக்கும், தப்படிப்பவருக்கும் உரிய நெல்லை ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சம் வீட்டுக்கு வரும்.

யாருக்காவது அம்மை போட்டால் 'ஆத்தா வந்திருக்கா' என்பார்கள். வாசல் நிலையில் வேப்பிலை செருகிவிட்டால் வெளியாள் அந்தப் படி ஏறக் கூடாது. அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள், மீன் கறி கிடையாது. மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்கும் வரை அந்த வீட்டுக்காரர்களும் ஊர்ப் பொது இடத்துக்கு வர மாட்டார்கள். தொற்றுநோய் பற்றி ஒரு வரிகூடப் படிக்காதவர்கள், நோயாளியைத் தனியே வைத்துக் கவனிக்கும் ஒழுங்கை அம்மனின் பெயரால் வைத்திருந்தார்கள். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரை விட்டு வெளியே போய் யாரும் ராத்தங்கக் கூடாது. பச்சை மரத்தில் அரிவாள் வைக்கக் கூடாது. புதிதாகச் சண்டை இழுக்கக் கூடாது. கம்மாய் நிறைந்ததும் மடைக் கருப்பருக்குப் பொங்கல் வைத்த பிறகுதான் மடை திறக்கும். கரை என்று நாங்கள் சொல்லும் ஊர்ப் பிரிவுகள் எல்லாவற்றிலிருந்தும் அந்தப் பொங்கலுக்கு ஆள் வந்தாக வேண்டும். வந்தால் தண்ணீர்ப் பங்கீடும் அங்கேயே பேசி முடிந்துவிடும்.

இந்தப் பழக்கங்களுக்கெல்லாம் நடுவில் இருந்தது அய்யனார் காடு. கோயில் என்று நாங்கள் சொன்னாலும் அங்கே கட்டடம் எதுவும் இல்லை. மரத்தடியில் பூரணை, புஷ்கலையோடு அய்யனார். சற்றுத் தள்ளி அரிவாளோடு கருப்பர். ஏழு கன்னிமாருக்கு ஏழு கல். சுற்றிலும் மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான காடு. வீரை, உலக்கைப்பாலை, காசான், உசிலை, காரை, சூரை என்று மரமும் முள்ளும் கொடியும் பின்னிக் கிடக்கும். இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். சோழமண்டலக் கரையோரச் சமவெளிக்கு உரிய இந்தக் காடு, இன்று பல இடங்களில் கோயில்காடாக இருப்பதால்தான் தப்பிப் பிழைத்திருக்கிறது. எங்கள் ஊருக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. 'சாமி காட்டுக் குச்சி அடுப்புல எரிஞ்சா வீடு வெளங்காது' என்பது மட்டும்தான் தெரியும். வறட்சியில் விறகு கிடைக்காத நாளிலும் அந்தக் காட்டில் யாரும் சுள்ளி பொறுக்கியதில்லை. தானாக விழுந்த மரத்தைக் கோயில் பொங்கலுக்கு மட்டுமே எரிக்கலாம். எல்லைக்கல்லைத் தாண்டினால் காலில் செருப்பு இருக்கக் கூடாது. காவலுக்கு ஆள் போடவில்லை, வேலி கட்டவில்லை. குழந்தைகூட அங்கே இலை பறிக்காது.

நான் பிழைப்புக்குச் சிங்கப்பூர் போனவன். கட்டட வேலையில் சேர்ந்து மேற்பார்வையாளரானேன். கையில் காசு சேர்ந்த பிறகு, ஊரில் என் பெயர் நிலைக்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை வந்தது. சாமிக்குச் செய்யும் ஆசை என்றுதான் அப்போது எல்லோரிடமும் சொன்னேன், எனக்கு நானேகூட அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். இன்று உண்மையைப் பிரித்துப் பார்த்தால், அதில் சாமியின் பங்கு குறைவு. பக்கத்து ஊர்களில் ராஜகோபுரம் எழுந்துகொண்டிருந்தது. குளமங்கலம் பெருங்காரையடி மிண்ட அய்யனார் கோயிலில் 30 அடிக்கு மேல் உயரமுள்ள குதிரையைப் பார்த்திருக்கிறேன். மாசிமகத்தன்று அதன் கழுத்திலிருந்து தரை வரை மாலைகள் தொங்கும் காட்சியைப் பார்க்க எத்தனையோ ஊர்ச் சனம் கூடும். எங்கள் அய்யனாரோ வெயிலும் மழையும் விழுகிற மரத்தடியில் இருந்தார். அதை ஒரு குறை என்று நான்தான் முதலில் சொன்னேன். நான் சொல்லும் வரை ஊரில் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

2012-ல் ஊர் திரும்பியதும் திருப்பணிக் குழு அமைத்தோம். பெரும்பங்குப் பணம் என்னுடையது என்பதால் தலைவரும் நானே. கருங்கல் மண்டபம், விமானம், சுற்றிலும் கிரானைட் தளம், முன்னால் இரண்டு பெரிய சிமெண்ட் குதிரைகள், வண்டி நிறுத்த இடம் என்று வரைபடம் போட்டுக்கொண்டு வந்தேன். காட்டில் பாதிக்கு மேல் போக வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் கூட்டம் அடங்கிவிட்டது. யாரும் என்னை எதிர்த்துப் பேசவில்லை. பணம் கொடுக்கிறவனை எதிர்த்துப் பேசுவது எங்கள் ஊரில் சுலபம் இல்லை. கடைசியில் வயதான ஒரு பெரியப்பா மட்டும், "சாமியக் கேட்டுட்டுச் செய்வம்ப்பா" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஊரால் வாய்விட்டுச் சொல்ல முடியாத மறுப்பைச் சொல்வதற்கு ஊர் வைத்திருந்த வழி அது. அன்று எனக்கு அது புரியவில்லை.

பூப் பார்ப்பது எங்கள் ஊரில் இப்படித்தான் நடக்கும். பூவரச இலையில் ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. வாழை நாரால் இரண்டையும் ஒரே மாதிரி கட்டி, சாமி காலடியில் போட்டுக் குலுக்குவார்கள். ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஊருணியில் போட்டுவிட வேண்டும். பூக் கட்டும் உரிமை பூசாரியான வேளாருக்கு உரியது. அவருக்கு அப்போது கண் பார்வை மங்கி, கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, நீங்க நல்ல காரியம் செய்ய வந்திருக்கீங்க, நீங்களே கட்டுங்க" என்று இலையையும் நாரையும் என் கையில் கொடுத்தார். தட்டில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் இருந்தன. கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டிலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். அரளிப் பூவைக் கசக்கி மடியில் செருகிக்கொண்டேன். வேளாரின் பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்தது. வெள்ளை. பெண்கள் குலவையிட்டார்கள். மறு பொட்டலத்தை நானே கொண்டுபோய் ஊருணியில் போட்டேன்.

நான் சாமி நம்பிக்கை இல்லாதவன் அல்ல. திருநீறு பூசாமல் வாசல் இறங்கியதில்லை. சிங்கப்பூரில் இருந்த காலமெல்லாம் அய்யனார் படம் என் சட்டைப் பையில் இருந்தது. நம்பாதவனாக இருந்திருந்தால் பூவை மாற்ற வேண்டிய தேவையே எனக்கு இருந்திருக்காது. எது வந்தாலும் வரட்டும் என்று விட்டிருப்பேன். சிவப்பு வந்துவிடும் என்று பயந்தேன். சாமி வேண்டாம் என்றுதான் சொல்லும் என்று உள்ளுக்குள் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே அதன் வாயை அடைத்தேன். என் குற்றத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. மரம் வெட்டியது, தளம் போட்டது எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

பொக்லைன் வந்தது. தலைமுறை தலைமுறையாக அரிவாள் படாத வீரை மரங்கள் சாய்ந்தன. வெட்ட வந்த உள்ளூர்க்காரர்கள் முதல் வெட்டைப் போட மறுத்ததால் வெளியூர் ஆட்களை அழைத்து வந்தேன். அதைக்கூட ஒரு எச்சரிக்கையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. மரத்தில் தொங்கிய பழந்தின்னி வௌவால்கள் அந்த வாரத்திலேயே இடம் பெயர்ந்தன. காட்டுக்குள் வரிசையாக நின்ற பழைய மண் குதிரைகள், தலை போனது, கால் போனது, பாசி படர்ந்தது எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றி ஊருக்கு வெளியே பள்ளத்தில் கொட்டச் சொன்னேன். குப்பை என்றே அதைச் சொன்னேன்.

அந்தக் குதிரைகள் எப்படிப் பிறந்தன என்பது சின்ன வயதில் நான் பார்த்து வளர்ந்த விஷயம். அய்யனாருக்கு மண் குதிரை எடுக்கும் புரவியெடுப்பு நடத்த ஊர் முடிவு செய்ததும், ஊர்த் தலைவரான அம்பலம் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து வேளார் கையில் கொடுப்பார். பிடிமண் கொடுப்பது என்று அதற்குப் பெயர். அந்த மண்ணைச் சேர்த்துத்தான் குதிரை செய்ய வேண்டும். வேளார் கம்மாய்க் களிமண்ணை மணலும் உமியும் கலந்து மிதித்துப் பதமாக்குவார். முதலில் நான்கு கால்கள், உள்ளே கூடாக, திரித்த மண்ணை வளையம் வளையமாக அடுக்கி எழுப்புவார். அவை நிழலில் காய்ந்து இறுகிய பிறகுதான் வயிற்றுப் பகுதி ஏறும். அவசரப்பட்டால் பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிடும். ஒரு கையை உள்ளே கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி உருட்சி கொண்டுவருவார். கழுத்து, முகம், மணி மாலை, சேணம் எல்லாம் கையாலேயே. பிறகு சுற்றிலும் ஓட்டாஞ்சில்லும் விறகும் வரட்டியும் வைக்கோலும் அடுக்கி, மேலே சேறு பூசிச் சூளை வைப்பார். கண்ணை மட்டும் கடைசியில்தான் திறப்பார். கண் திறந்த பிறகு அது சாமியின் குதிரை. ஒவ்வொரு கரையும் தங்கள் குதிரையைக் கம்பில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு, தப்பு முழங்க, காட்டுக்குக் கொண்டுபோகும். அங்கே இறக்கி வைத்ததோடு சரி. யாரும் பழுது பார்க்க மாட்டார்கள். மழையில் கரைந்து, வேர் தள்ளி உடைந்து, மண் மண்ணாகப் போகும். அடுத்த புரவியெடுப்புக்கு மறுபடி பிடிமண்.

உடைந்து போகிற குதிரைக்கு எதற்கு இவ்வளவு உழைப்பு என்று கணக்குப் பார்த்தேன். ஒருமுறை சிமெண்டில் செய்துவிட்டால் நூறு வருடம் நிற்குமே என்று கூட்டத்தில் பேசினேன், கை தட்டினார்கள். நான் கணக்கில் சேர்க்காதது ஒன்று இருந்தது. குதிரை உடைந்ததால்தான் ஊர் திரும்பத் திரும்பக் கூடியது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு கரைக்காரர்கள் இருந்தால் பிடிமண் கொடுக்க முடியாது. பாகப் பிரிவினைச் சண்டை, வரப்புச் சண்டை, கல்யாணத்தில் வந்த மனத்தாங்கல் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டுத்தான் அந்தக் கைப்பிடி மண் கை மாறும். சிமெண்ட் குதிரை வந்த பிறகு ஊர் கூடக் காரணமே இல்லாமல் போய்விட்டது. எனாமல் பெயிண்ட் மங்கினால் குழுப் பணத்தில் பெயிண்டர் வந்து அடித்துவிட்டுப் போகிறார்.

வேளாருக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். குடமுழுக்குக்கு வெளியூரிலிருந்து சிவாச்சாரியார்களை அழைத்தோம். மண்டபமும் விமானமும் வந்த பிறகு ஆகம முறைப்படி தினப் பூசை வேண்டும் என்று நானே முன்மொழிந்தேன். பரம்பரையாகச் சாமியைத் தொட்டுப் பூசை செய்த மனிதர், குடமுழுக்கு அன்று கூட்டத்தோடு கூட்டமாகக் கயிற்றுக்கு வெளியே நின்றார். குதிரையும் இல்லை, பூசையும் இல்லை என்றானதும் அவர் குடும்பத்துக்குக் களத்து நெல் கொடுப்பது படிப்படியாக நின்றது. அவர் இறந்து சில வருடம் ஆகிறது. மகன் சுமை ஆட்டோ ஓட்டுகிறார். என் கையில் இலையையும் நாரையும் நம்பிக் கொடுத்த அந்த மனிதரிடம், அவர் உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

இனி நான் சொல்லப்போவது எல்லாவற்றையும்விட எனக்குக் கூச்சம் தருவது. திருப்பணிப் பேச்சு நடந்தபோது, எங்கள் ஊர்க் காலனியிலிருந்து ஒரு பெரியவர் கூட்டத்துக்கு வந்து ஓரமாக நின்றார். புரவியெடுப்பில் அவர்கள் தப்புச் சத்தம் கேட்காமல் ஒரு குதிரையும் தரையை விட்டு எழும்பாது. ஆனால் எல்லைக்கல்லோடு அவர்கள் நின்றுவிட வேண்டும். என் தகப்பனார் வயதுள்ள அவரை நான் 'என்னய்யா, சொல்லுய்யா' என்று ஒருமையில்தான் பேசினேன். அவர் என்னை 'நீங்க' என்றார். "எல்லாத்தையும் புதுசாக் கட்டுறீங்க. நாங்க நிக்கிற எடத்தையும் உள்ள கொஞ்சம் தள்ளி வைக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டார். "அது ஆதி வழக்கம். அதுல கை வைக்க முடியாது" என்றேன்.

அதற்குச் சற்று முன்புதான், மரம் வெட்டத் தயங்கியவர்களிடம், 'காலம் மாறும்போது வழக்கமும் மாறத்தான் வேண்டும்' என்று நீளமாகப் பேசியிருந்தேன். மரம் வெட்டக் கூடாது என்பது பழைய வழக்கம், மாற்றினேன். மண் குதிரை பழைய வழக்கம், மாற்றினேன். வேளார் பூசை பழைய வழக்கம், மாற்றினேன். மனிதரை வெளியே நிறுத்துகிற வழக்கம் ஒன்றை மட்டும் ஆதி வழக்கம் என்று காப்பாற்றினேன். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939 ஜூலை 8-ல். சென்னை மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947-ல் வந்தது. இவையெல்லாம் எனக்குத் தெரியாதவை அல்ல. சிங்கப்பூரில் எல்லாச் சாதிக்காரர்களோடும் ஒரே அறையில் படுத்து, ஒரே பானையில் சாப்பிட்டவன் நான். காட்டை வெட்டியதில் இன்னொன்றும் நடந்தது. எல்லைக்கல்லுக்கு வெளியே அவர்கள் நிற்கும் இடத்துக்கு உசிலை மர நிழல் இருந்தது. வண்டி நிறுத்த இடத்துக்காக அதையும் எடுத்தேன். அதன் பிறகு திருவிழாவுக்குத் திருவிழா அவர்கள் உச்சி வெயிலில் நின்று தப்படித்தார்கள்.

கோயில் பெரிதானது. வழக்கங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. காட்டுத் தரையில் சருகு மெத்தையாகக் கிடக்கும். வெறுங்காலோடு நடப்பது கஷ்டமே இல்லை. கிரானைட் தளம் பங்குனியில் கொதிக்கிறது. கிழவிகள் கால் சுட்டுத் தடுமாறினார்கள். முதலில் சாக்கு விரித்தோம், பிறகு மண்டபப் படி வரை செருப்போடு வரலாம் என்று ஆனது. மண்ணில் இறங்கிய மழைத் தண்ணீர் தளத்தில் வழிந்து ரோட்டுக்கு ஓடுகிறது. காட்டில் பாதியை நான் வெட்டிய பிறகு மீதியில் சுள்ளி பொறுக்குவதை யாராலும் தடுக்க முடியவில்லை. 'தலைவரே பொக்லைன் வச்சு வெட்டுனாரு, அவரு வீடு வெளங்காமப் போச்சா?' என்று ஒரு பையன் கேட்டதாகச் சொன்னார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே ஊருக்கு நேர்ந்த பெரிய கேடு. பயந்து அடங்கி நடந்தவர்களுக்கெல்லாம் பயப்படத் தேவையில்லை என்று நிரூபித்துக் காட்டியவன் நானானேன். மரத்தை மட்டும் வெட்டியிருந்தால் திரும்ப வளர்த்துவிடலாம். கூடாது என்று கையை இழுத்துக்கொள்ளும் அந்த மனப்பழக்கத்தை வளர்க்க எத்தனை தலைமுறை ஆகும்?

கிராம வழிபாட்டை மாற்ற அரசாங்கமும் முயன்றதுண்டு. 1950-ல் வந்த உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தமிழக அரசு 2003-ல் கடுமையாக நடைமுறைப்படுத்த முயன்றது. கருப்பருக்குக் கிடா வெட்டும்போது அய்யனாருக்கு முன்னால் திரை போட்டு மறைத்து, சைவச் சாமியையும் அசைவச் சாமியையும் ஒரே இடத்தில் மரியாதையோடு வைத்துக் கும்பிட்ட கிராமங்கள் அதை ஏற்கவில்லை. எதிர்ப்பு வலுத்து, 2004-ல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. அரசாங்கம் ஆணை போட்டு மாற்ற முடியாத கிராம வழிபாட்டை, என்னைப் போன்றவர்களின் நன்கொடை ஓசையில்லாமல் மாற்றிவிடுகிறது. ஆணை போட்டால் ஊர் எதிர்க்கும். கை நிறையப் பணத்தோடு சொந்தப் பிள்ளை வந்து நின்றால் ஊர் எப்படி எதிர்க்கும்?

பழையது எல்லாம் புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லைக்கல்லும் பழையதுதான். ஒரு வழக்கத்தை வைத்திருப்பதா விடுவதா என்று பார்க்க எனக்கு இப்போது ஒரு அளவு இருக்கிறது. அது யாரை அடக்கி வைக்கிறது என்று பார்க்கிறேன். குச்சி ஒடிக்காதே என்ற வழக்கம் என் ஆசையை அடக்கியது. களத்தில் பங்கு ஒதுக்கிவிட்டு அள்ளு என்ற வழக்கம் என் பேராசையை அடக்கியது. பேசித் தீர்த்துவிட்டு வா என்ற வழக்கம் என் வீம்பை அடக்கியது. எல்லைக்கல் என்னை அடக்கவில்லை, இன்னொருவரை அடக்கியது. என்னைக் கட்டுப்படுத்தியவற்றை எல்லாம் மூடப் பழக்கம் என்று தூக்கி எறிந்தேன். எனக்கு உயரம் கொடுத்ததைப் பக்தி என்று பிடித்துக்கொண்டேன். என் நம்பிக்கையின் லட்சணம் இதுதான்.

கூட்டத்தில் நான் சொல்லி முடித்தபோது யாரும் கத்தவில்லை. ஒரு பெரியவர் தெய்வக்குத்தம் என்றார். வேளார் மகன் மட்டும் நேராகக் கேட்டார்: "எங்களுக்கு இத்தனை வருசமாக் களத்து நெல்லு வரல. அதுக்கு என்ன சொல்றீங்க?" அதைப் பணமாகக் கணக்கிட்டுக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். தெய்வக்குத்தத்துக்கு அபராதமும் கட்டினேன். மண்டபச் சுவரில் இருந்த என் பெயர்ப் பலகையை எடுத்துவிடச் சொன்னேன், எடுத்துவிட்டார்கள். வண்டி நிறுத்தும் தளத்தைப் பெயர்த்துவிட்டு, மிச்சக் காட்டிலிருந்து விதை எடுத்து வீரையும் உசிலையும் நடத் தொடங்கியிருக்கிறோம். வரும் ஆனியில் பிடிமண் கொடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. வேளார் குடும்பத்தில் சூளை வைக்கத் தெரிந்த ஒருவர் இன்னும் இருக்கிறார். அது எங்கள் பாக்கியம்.

எல்லைக்கல்லை எடுக்க வேண்டும் என்றும் அன்றே கேட்டேன். பூவை மாற்றியதற்காக என்னை மன்னித்த கூட்டம், கல்லை எடுக்கச் சொன்னபோது இரண்டாகப் பிரிந்தது. இன்றுவரை முடிவாகவில்லை. என்னிடம் வந்து கேட்ட அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய், திண்ணையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். "கல்ல எடுத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதுதான் நியாயம். கல் எடுபடும் வரை புரவியெடுப்பில் நான் கல்லுக்கு வெளியேதான் நிற்பேன் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அன்றே செய்திருக்க வேண்டியது.

திருப்பணிக்குப் பணம் அனுப்பும் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே, உங்களிடம் சில வேண்டுகோள்கள். காட்டுக்குள் இருக்கும் சாமிக்குக் கூரை போட அவசரப்படாதீர்கள். அரசாங்கமே அரிட்டாபட்டியை 2022-லும், திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி வீரகோயில் காட்டை 2025-லும் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்திருக்கிறது. ஏறத்தாழ 5 ஹெக்டேர் உள்ள காசம்பட்டிக் காட்டை அத்தனை காலம் காத்து வைத்தது ஊர்க்காரர்களின் பக்திதான். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு காடு இருந்தால், அதற்குச் செய்யும் மிகப் பெரிய திருப்பணி அதை வெட்டாமல் விடுவது. குதிரை வேண்டுமென்றால் உங்கள் பகுதி வேளாரிடம் பிடிமண் கொடுங்கள். ஊர் தயங்கினால், அந்தத் தயக்கத்தைச் சாமியின் வாக்காக எடுத்துக்கொள்ளுங்கள். எதையாவது மாற்றியே தீர வேண்டும் என்று கை துடித்தால், கோயிலுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, மாற்றத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.